மாங்காயைத் தூக்கியவன்

வாயில் பாதி இட்லி இருக்கும்போது போன் அடித்தால் எடுக்கக் கூடாது என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். அன்று காலை அதைக் கைவிட்டேன். அடித்தது தெரியாத நம்பர். எங்கள் சாஃப்ட்வேரின் முதல் வெர்ஷன் முந்தின நாள் மதியம்தான் வெளியாகியிருந்தது. தெரியாத நம்பர் என்றால் பாராட்டாகத்தான் இருக்கும் என்று நம்பினேன்.

“கட்டம் சாஃப்ட்வேருங்களா?” என்றது ஒரு பெண் குரல். கோயம்புத்தூர்ப் பக்கத்து இழுப்பு.

போனைத் தோளில் இடுக்கி, இட்லியை விழுங்கி, குரலைக் கொஞ்சம் கனமாக்கி, ஆமாம் என்றேன். பின்னணியில் ஒரு பெரிய ஆபீஸ் நடப்பது போல் இருக்கட்டும் என்று இடது கையால் கீபோர்டைத் தட்டிக்கொண்டே இருந்தேன். வலது கையில் வடகறி.

“என் பேரு மலர்விழிங்க. ஒரு பஸ் டிக்கெட் ஆப் பண்ணிட்டிருக்கேன். உங்க கட்டத்துல வரைஞ்ச பேக் பட்டன் முன்னால போகுதுங்க.”

“முன்னாலன்னா?”

“பின்னால போறதுக்கு அம்பு வரைஞ்சா, ஆப்ல அது முன்னால பார்த்துட்டு நிக்குது. பஸ்ஸும் அப்படித்தானுங்க. ஸ்கிரீன்ல ஒரு பஸ் ஓடற மாதிரி வச்சிருக்கேன். அது ரிவர்ஸ்லயே ஊர் போய்ச் சேருது. சாயங்காலம் ஓனர்கிட்டக் காட்டோணும். அவரு பஸ் கம்பெனிக்காரருங்க, சும்மா விடமாட்டாரு.”

கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. பின்னணியில் இருந்த பெரிய ஆபீஸ் அப்படியே மூடப்பட்டது.

பத்து நிமிஷத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

இடமா, வலமா

முதலில் தோன்றியது, பாவம் அந்தப் பெண்ணுக்கு இடம் வலம் தெரியவில்லை என்பது. அடுத்த நொடியே இன்னொன்று தோன்றியது. எனக்குத் தெரியுமா?

இது தன்னடக்கம் இல்லை. பதற்றம் வந்தால் எனக்கு முதலில் போவது இடது வலதுதான். பசி தூக்கமெல்லாம் அப்புறம்தான் போகும். லைசென்ஸ் வாங்கப் போன அன்று, இடது பக்கம் திரும்பு என்றார் அதிகாரி. இண்டிகேட்டர் இடது பக்கம் மின்னியது, என் கை வலது பக்கம் நீண்டது, வண்டி நேராகப் போய் அவர் நாற்காலிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “வீட்டுக்கு எப்பிடிப்பா போய்ச் சேருவ?” என்று கேட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, உண்மையான அக்கறையோடு கேட்டார்.

அன்றிலிருந்து இடது கையில் வாட்ச் கட்டுகிறேன். மணி பார்க்கிறேன் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது.

கையைக் கழுவிவிட்டு வந்து, கட்டத்தைத் திறந்து, வாட்ச் இருக்கும் பக்கம் பார்க்கிற மாதிரி ஒரு அம்பு வரைந்தேன். திரையில் சரியாகவே இருந்தது. அதை எக்ஸ்போர்ட் செய்து போனில் திறந்தேன். அம்பு வாட்ச் இல்லாத கையைக் காட்டிக்கொண்டு நின்றது.

வாட்சைக் கழற்றி அடுத்த கையில் கட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தேன். நான் இன்ஜினீயரிங் படித்தவன் என்பதை இந்த இடத்தில் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தரை ஆடும் அறை

கட்டம் என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

உங்கள் போனில் மணி, பூட்டு, வீடு என்று சின்னச் சின்னப் படங்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றை ஐகான் என்போம். ஒருவர் அதை வரைகிறார், அவர் டிசைனர். இன்னொருவர் அதை ஆப்புக்குள் கொண்டுவந்து வைக்கிறார், அவர் புரோகிராமர். இந்த இரண்டு ஜாதிக்கும் நடுவில் நடக்கிற சண்டைக்கு முடிவே கிடையாது. நான் வேலை பார்த்த சென்னை ஆபீஸில் டிசைனர்களுக்கு ஜன்னல் ஓரம், எங்களுக்குக் கழிப்பறை ஓரம். அரைப் புள்ளி நகர்ந்துவிட்டது என்று அவர்கள் எழுந்து வருவார்கள், உங்கள் படமே அப்படித்தான் வந்தது என்று நாங்கள் எழுந்து நிற்போம். காபி மெஷின் பக்கத்தில்தான் சமாதானம்.

அப்படி ஒரு சண்டை முடிந்து, லீவு போட்டுவிட்டு ஆரணிக்கு வந்திருந்தபோதுதான் எபியின் அறைக்குப் போனேன்.

எபி என்கிற எபிநேசர் பள்ளியில் எனக்குப் பக்கத்து பெஞ்சு. அவன் அப்பா அதே பள்ளியில் டிராயிங் மாஸ்டர். எபி பட்டுப் புடவை பார்டருக்கும் முந்தானைக்கும் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் ஒரு மாடி அறை. கீழே எட்டு விசைத்தறி. அவை ஓடத் தொடங்கினால் மாடித் தரை மெல்ல ஆடும். டம்ளரில் இருக்கிற டீயில் வட்டம் வட்டமாக அலை வரும். மவுஸைத் தொடாமலே அம்பு திரையில் இரண்டு அடி நடக்கும். காற்று திரும்பினால் எதிர் ரைஸ் மில்லிலிருந்து நெல் வேகிற வாசனை ஜன்னல் வழியாக வந்து நாற்காலியில் உட்காரும்.

அன்று எபி திரையைப் பெரிதாக்கி வைத்து ஒவ்வொரு சதுரமாகத் தட்டிக்கொண்டிருந்தான். ஒரு சதுரம் ஒரு இழை. கறுப்பு என்றால் இழை எழும்பும், வெள்ளை என்றால் கிடக்கும். சதுரங்களை வைத்தே வளைவு, வளைவை வைத்தே மயில். முடித்ததும் ஒரு பட்டன். வரிசை வரிசையாக அத்தனை சதுரமும், எந்த இழை எழும்ப வேண்டும் என்று தறிக்குச் சொல்கிற துளை அட்டைக்குப் போய்விடும். நடுவில் யாரும் எழுந்து நின்று கத்தவில்லை. அரைப் புள்ளி நகர்வதற்கு அங்கே வழியே இல்லை.

எங்கள் ஆபீஸுக்கு வேண்டியது இதுதானே என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. டிசைனர் சதுரத்தில் வரையட்டும், ஒரு பட்டன் தட்டட்டும், புரோகிராமர் அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ளும்படி அது வெளியே வரட்டும்.

எபியிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, டீ வேண்டுமா என்று கேட்டான். அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவன் பேசாமல் இருப்பதையெல்லாம் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம். அந்த வழக்கம்தான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

கலாவின் நிபந்தனை

என் மனைவி கலா கண்ணமங்கலத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். தினமும் காலையில் வேலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வருகிறவள். அதனால் உட்கார்ந்துகொண்டு யோசிக்கிறவர்கள் மேல் அவளுக்கு அவ்வளவாக மரியாதை கிடையாது.

வேலையை விட்டுவிட்டு ஆரணியிலேயே இருந்து கட்டம் செய்யப்போகிறேன் என்றதும் அவள் கோபப்படவில்லை. வீட்டுப்பாடம் கொடுத்தாள்.

“ஒரு வருஷம் இங்க இருந்து பாரு. அதுக்குள்ள முன்ன பின்ன தெரியாத நாலு பேரு அத்த எடுத்து யூஸ் பண்ணி, உனுக்கு எழுதணும். எபி அண்ணன் தங்கச்சி, உங்க சித்தப்பா பையன்லாம் கணக்குல வராது. நாலு பேரு வரலன்னா பேசாம சென்னைக்குப் போய்ச் சேரு.”

சென்னையில் மேலாளர் என் பழைய நாற்காலியைக் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். கடைசிக் கெடு ஒரு திங்கட்கிழமை. (போன வாரம் இந்தப் பத்திரிகையில் இதே பக்கங்களில் அவரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு அவரே போன் செய்தார். தொப்பையைப் பற்றி இரண்டு முறை எழுதியிருக்க வேண்டாம், ஒரு முறை போதும் என்றார். இனி எழுதவில்லை.)

ஒரு வருஷத்தில் கட்டம் தயாராகியிருக்க வேண்டும். தயாரானது. ஆனால் நான் செய்கிற எதுவும் எப்படித் தயாராகுமோ அப்படி, வருஷம் முடிய நாலு நாள் இருக்கும்போது. வியாழக்கிழமை வெளியிட்டோம். திங்கட்கிழமைக்குள் நாலு பேர் எழுத வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை இட்லியோடு வந்தது முதல் ஆள். ரிவர்ஸில் ஓடுகிற பஸ்ஸோடு.

பன்னிரண்டு படங்கள்

கட்டத்தைத் திறந்ததும் மாதிரிக்குச் சில படங்கள் தெரிய வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். வெறும் கட்டங்களைக் காட்டினால் ஆள் பயந்து ஓடிவிடுவான். எபி பன்னிரண்டு படங்கள் வரைந்து வைத்தான். முதல் படமாக ஒரு மாங்காய்.

பட்டுப் புடவை பார்டரில் பார்த்திருப்பீர்கள். வயிறு உப்பி, தலையில் மூக்கு ஒரு பக்கமாக வளைந்து நிற்குமே, அந்த மாங்காய். எபி புதிதாக எந்த டிசைன் தொடங்கினாலும் மூலையில் முதலில் ஒரு மாங்காய் போட்டுவிட்டுத்தான் மற்றதைத் தொடுவான். பிள்ளையார் சுழி போல ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தேன். கேட்டதில்லை. சிலுவை போடாமல் மாங்காய் போடுகிறானே என்று ஒருமுறை கிண்டல் மட்டும் செய்திருக்கிறேன்.

எனக்கு அந்த மாங்காய் பிடிக்கவில்லை. உலகம் முழுக்க டவுன்லோடு செய்யப்போகிற சாஃப்ட்வேர். திறந்தவுடன் கல்யாணப் புடவைக் கடை மாதிரி ஒரு மாங்காய் சிரித்துக்கொண்டு நின்றால் நம்மை என்ன நினைப்பார்கள்? பட்டிக்காட்டான் என்று நினைப்பார்கள். சென்னையில் கழிப்பறை ஓரம் உட்கார்ந்திருந்தவனுக்கு இந்த விஷயத்தில் ரோஷம் ஜாஸ்தி.

“மாங்காய தூக்கிடலாம் எபி. மாடர்னா இருக்கட்டும்.”

எபி திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கீழே தறிச் சத்தத்தைக் கேட்டான். அதையும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நானே தூக்கினேன். அந்த இடத்தில் ஒரு மணல் கடிகாரத்தை வைத்தேன், அந்தக் காலத்தில் நேரம் பார்க்க மணல் போட்டு வைப்பார்களே, அது. மிகவும் மாடர்ன்.

மீதி இருந்தவை எவை தெரியுமா? வட்டம், நட்சத்திரம், இதயம், பூட்டு, மணி, வீடு, கூட்டல் குறி, மேலே பார்க்கிற அம்பு, கீழே பார்க்கிற அம்பு, நேரான கைப்பிடி வைத்த குடை, சூரியன். ஒவ்வொன்றையும் நடுவில் மடித்துப் பாருங்கள். இந்தப் பாதியும் அந்தப் பாதியும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே உட்காரும். இடம் வலமாகத் திருப்பிப் போட்டால் ஒரு குழந்தைகூடக் கண்டுபிடிக்காது. ஒரு வருஷம் நான் இந்தப் பன்னிரண்டையும் எக்ஸ்போர்ட் செய்து, போனில் பார்த்து, ஆகா ஆகா என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரச் சாதனைகள்

மலர்விழியின் போனை வைத்த பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உங்களிடம் மறைத்து இனி எதற்கு?

புரோகிராமைத் திறந்து பார்த்தேன். தப்பு ஐந்து நிமிஷத்தில் அகப்பட்டது. சதுரங்களை எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்று தொடக்கத்தில் எபியைக் கேட்டிருந்தேன். ஒவ்வொரு வரியையும் வலது ஓரத்திலிருந்து படி என்று சொல்லியிருந்தான். தறி அட்டைக்கு அவன் அப்படித்தான் அனுப்புவான். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவன் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். வலது ஓரத்திலிருந்து எடுத்து, இடது ஓரத்திலிருந்து எழுதினால் படம் கண்ணாடியில் பார்ப்பது போலத்தானே வரும்? வந்திருந்தது. மாற்ற வேண்டியது இரண்டே வரி.

இரண்டு வரிதான் என்று தெரிந்த பிறகு ஒரு சாதாரண மனிதன் அந்த இரண்டு வரியை மாற்றுவான். நான் எழுந்து நின்று வேர்த்தேன். பிறகு சென்னை மேலாளருக்கு ஒரு மெயில் அனுப்பினேன், திங்கட்கிழமை வந்து சேருகிறேன், தயவுசெய்து நாற்காலியை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று. பிறகு கட்டத்தின் டவுன்லோடு பக்கத்தில், நல்ல ஆங்கிலத்தில், ஓர் அறிவிப்புப் போட்டேன். பட்டுத் தொழிலிலிருந்து வந்த எங்கள் டிசைன் கூட்டாளியின் பழக்கத்தால் ஒரு பிழை நேர்ந்துவிட்டது, வருந்துகிறோம். “வருந்துகிறோம்” என்ற இடத்தில் ஒரு கமா சரியாக விழவில்லை என்று அதை மட்டும் மூன்று முறை திருத்தினேன்.

அதற்குப் பிறகும் மனம் ஆறாமல் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து கலாவை வகுப்பிலிருந்து கூப்பிட வைத்தேன். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. எல்லாவற்றையும் சொன்னேன்.

“எவ்ளோ மாத்தணும்?” என்றாள்.

“ரெண்டு வரி.”

“மாத்திட்டியா?”

திரையைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு வரியும் அப்படியே இருந்தன.

“அத்த மாத்தாம எனுக்குப் போன் பண்ணிகினு கீறியா? உள்ள அம்பது பசங்க கத்திகினு கீதுங்க.” போனை வைத்துவிட்டாள்.

மூக்கு

எங்கள் ஆபீஸும் எபியின் அந்த மாடி அறைதான். எபி படியேறி வரும்போதே தெரிந்தது, அவன் அறிவிப்பைப் படித்துவிட்டான். தேவிகாபுரத்தில் ஒருவருக்கு டிசைன் காட்டிவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தவன், போனில் பார்த்திருக்கிறான். கையில் வழக்கம்போல மஞ்சள் துணிப் பை. அதில் அவனுடைய மவுஸ் இருக்கும். அடுத்தவர் மவுஸ் அவனுக்குக் கைக்கு வராது.

வந்து உட்கார்ந்தான். மவுஸைச் சொருகினான். பழைய ஃபோல்டர் எங்கே என்று கேட்டான். காட்டினேன். நான் தூக்கிப் போட்டிருந்த மாங்காயைத் தேடித் திறந்தான். மூக்கு இடது பக்கம். எக்ஸ்போர்ட் செய்தான், தன் போனில் திறந்து என் முன்னால் வைத்தான். மூக்கு வலது பக்கம்.

“பாத்தியா?” என்றான். “இத்த யாரு தூக்குனது?”

கீழே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. டம்ளரில் காலை டீயின் மிச்சம் அலை அலையாக ஆடியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எபி நீளமாகப் பேசி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

“மாங்கா அழகுக்குப் போடறது இல்லடா. சில புடவைய நல்ல பக்கம் கீழ இருக்கற மாதிரிதான் நெய்வாங்க. நெய்றவன் பின்பக்கத்த பாத்துகினுதான் நெய்றான். அதனாலதான் படத்த திருப்பி அனுப்பறது. திரும்புச்சா இல்லியான்னு எத்த வச்சிப் பாக்கறது? வட்டத்த வச்சா? மூக்கு இருக்கறத வச்சிதான் பாக்கணும். மொத துணி வந்ததும் மூக்கு எந்தப் பக்கம்னு பாப்பேன். சரியா கீதுன்னா மிச்சத்த ஓட்டுன்னு சொல்லுவேன்.”

அவன் சொன்னதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்றால்: தறிக்கு அனுப்பும்போது திருப்ப வேண்டும், அப்போதுதான் துணியில் நேராக வரும். போன் திரைக்குப் பின்பக்கம் கிடையாது. அதனால் திருப்பக் கூடாது. மாங்காய் மட்டும் முதல் படமாக இருந்திருந்தால், முதல் நாளே, முதல் எக்ஸ்போர்ட்டிலேயே, எபி எட்டிப் பார்த்து மூக்கு திரும்பிகினு கீதே என்று சொல்லியிருப்பான். அத்தோடு முடிந்திருக்கும்.

அதைக் கேட்பதற்கு நான் ஒரு வருஷமாக வாயைத் திறக்கவில்லை. அவன் சொல்வதற்கு நான் இடம் விடவில்லை.

“பட்டு வேலைலேந்து வந்தவன்னு எழுதிகினு கீற. உண்மதான், தப்பில்ல. ஆனா மாங்கா எங்க போச்சுன்னு எழுதலியே.” சொல்லிவிட்டு எழுந்து மவுஸைப் பிடுங்கினான். ஒயரைச் சுற்றினான். துணிப் பையில் போட்டான்.

அந்த ஒயரை அவன் நிதானமாகச் சுற்றியது இன்றைக்கும் கண் முன்னால் நிற்கிறது. அதுவரை பட்டதெல்லாம் வேடிக்கைப் பதற்றம். சென்னை நாற்காலி போனால் வேறு நாற்காலி. மவுஸ் பைக்குள் போய்விட்டால் கட்டம் இல்லை. நாலு பேர் என்ன, நானூறு பேர் எழுதினாலும் இல்லை. எதை வரைய வேண்டும் என்று தெரிந்தவன் அவன். நான் அவன் சொன்னதை டைப் அடித்தவன்.

“எபி, உக்காரு. ஒரு அஞ்சு நிமிஷம்” என்றேன்.

“பஸ்ஸுல நின்னுகினே வந்தேன். நின்னுகினே இருக்கேன், எழுது.”

இரண்டு வரியும் ஆறு வரியும்

முதலில் அந்த இரண்டு வரியை மாற்றினேன். பிறகு அறிவிப்பை அழித்துவிட்டு வேறு எழுதினேன். இந்த முறை கமாவைப் பற்றிக் கவலைப்படவில்லை.

தவறு என்னுடையது. இதைக் கண்டுபிடிக்கிற படம் ஒன்றை என் கூட்டாளி முதலிலேயே வரைந்து வைத்திருந்தார். அவர் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் சோதிப்பார்கள். அது பட்டிக்காட்டுத்தனமாக இருக்கிறது என்று நினைத்து நான் எடுத்துவிட்டேன். இப்போது திரும்ப வைத்திருக்கிறேன். அதுதான் முதல் படம்.

ஆறே வரி. எபிக்குப் படித்துக் காட்டினேன். ஆங்கிலத்தில் பட்டிக்காட்டுத்தனம் என்பதற்கு என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்டான். சொன்னேன். “பரவால்ல, அது கொஞ்சம் மரியாதயாதான் கீது” என்றான்.

டவுன்லோடு செய்த எல்லோருக்கும் அதை மெயிலாகவும் அனுப்பினேன். புதிய வெர்ஷனை ஏற்றுவதற்கு முன் எபி தன் போனை நீட்டினான். மாங்காய். மூக்கு இடது பக்கம். அவன் தலையை ஆட்டினான். ஏற்றினேன். துணிப் பையைத் திறந்து மவுஸை எடுத்து மேஜைமேல் வைத்தான். சொருகவில்லை. வைத்தான், அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

பத்து நிமிஷம் என்று சொன்னவன் இரண்டரை மணி நேரம் கழித்து மலர்விழியைக் கூப்பிட்டேன். மன்னிப்பை ஆரம்பித்தேன். அவள் நடுவிலேயே நிறுத்தினாள்.

“இப்பப் பஸ்ஸு நேராப் போகுதுங்க. அதை விடுங்க, அந்த மாங்காய் ரொம்ப நல்லா இருக்குது. யாரு வரைஞ்சதுங்க?”

போனை எபியிடம் கொடுத்தேன். அவன் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டான். “நான்தாம்மா” என்றான். திரும்பக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் ரைஸ் மில்லை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே புதிதாக ஒன்றும் இல்லை. நான் பார்த்தேன்.

கணக்கு டீச்சர் திருத்துகிறாள்

ஞாயிற்றுக்கிழமை மாலை கலா தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தாள். மடியில் விடைத்தாள் கட்டு, கையில் சிவப்புப் பேனா. நான் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். பத்தாம் வகுப்பில்கூட அப்படி உட்கார்ந்ததில்லை.

நாலு பேர் எழுதியிருந்தார்கள். மலர்விழி ஒருவர். நன்றாக இருக்கிறது, நேர்மைக்கு நன்றி என்று எங்கிருந்தோ ஒரு டிசைனர். மூன்றாவது ஆள் திட்டியிருந்தார். ஏன் என்றால், பழைய வெர்ஷனில் படம் திரும்பி வருவதைப் பார்த்துவிட்டு, சரி, இவர்கள் வழக்கம் அப்படிப் போல என்று அவரே நாற்பது படங்களைத் திருப்பித் திருப்பி வரைந்து வைத்திருக்கிறார். நாங்கள் சரி செய்ததும் அத்தனையும் மறுபடி இடம் வலம் மாறிவிட்டது. நாலாவது ஆளும் திட்டுதான். மாங்காயைப் பார்த்துவிட்டு, இது என்ன முந்திரிப் பருப்பா, இதை எப்படி நீக்குவது என்று கேட்டிருந்தார்.

நான் மெல்ல லேப்டாப்பை மூடினேன். இரண்டு நல்லது, இரண்டு திட்டு. பாதி மார்க். பாஸ் ஆகாது.

கலா ஒரு விடைத்தாளைத் திருத்தி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். “எத்தினி பேரு?”

“நல்லா எழுதுனது ரெண்டு பேருதான்.”

“எத்தினி பேரு எழுதுனாங்கன்னு கேட்டேன்.”

“நாலு. ஆனா ரெண்டு பேரு திட்டு.”

“நாலு பேரு யூஸ் பண்ணி எழுதணும்னுதான சொன்னேன்? புகழணும்னு சொன்னனா? ஒருத்தன் நாப்பது படம் போட்டுகினு கீறான். பிடிக்காதவன் நாப்பது போடுவானா?” அடுத்த விடைத்தாளை எடுத்தாள். “எபி அண்ணன நாளைக்கு சாப்புட வரச் சொல்லு.”

அவ்வளவுதான் தீர்ப்பு. அன்றே சென்னை மேலாளருக்கு இன்னொரு மெயில் எழுதினேன். மன்னிக்கவும், வர இயலவில்லை, நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மிகுந்த பெருந்தன்மையோடு எழுதினேன். மறுநாள் அவர் பதில் அனுப்பியிருந்தார். நாற்காலியைப் போன மாதமே வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது, அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன், நல்ல வேளை.

ஆக, ஒரு வருஷம் எந்த நாற்காலியை நினைத்து நான் தூக்கம் கெட்டேனோ, அதில் யாரோ சாய்ந்து உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இப்போது

இப்போது நாங்கள் ஆறு பேர். பைபாஸ் பக்கம் புதுக் கட்டடம், ஏசி, கண்ணாடிக் கதவு. தரை ஆடுவதில்லை. டம்ளரில் டீ வைத்தது வைத்தபடி அசையாமல் கிடக்கிறது. முதல் ஒரு மாதம் எனக்குத் தலைவலி. எதனால் என்று டாக்டரிடம் சொல்ல முடியவில்லை. தறிச் சத்தம் இல்லை டாக்டர் என்றால் அவர் என்ன மாத்திரை எழுதுவார்? சில நாள் மதியம் காரணமே இல்லாமல் பழைய சந்துக்குப் போய், கீழே தறி ஓட்டுகிறவரோடு இரண்டு வார்த்தை பேசுகிற சாக்கில் நின்றுவிட்டு வருகிறேன். நெல் வாசனை அங்கேதான் இருக்கிறது, எங்கும் போகவில்லை.

சதுரம் சதுரமாக ஐகான் வரைகிறவர்கள் இப்போது குறைவு. கட்டமும் எவ்வளவோ மாறிவிட்டது, நாங்களே மறந்துபோன பட்டன்களெல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் புதிதாகத் திறந்தால் முதலில் வருவது இன்னமும் மாங்காய்தான். முந்திரி, கமா, மிளகாய், தலைகீழ் கண்ணீர்த் துளி என்று ஊர் ஊராகப் பெயர் வைத்து எழுதிக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் நான்தான் பதில் எழுதுகிறேன். அந்த வேலையை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. எபிக்கு எழுதத் தெரியாது என்பதல்ல. தூக்கியவன்தானே பதில் சொல்ல வேண்டும்?

மலர்விழி வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறாள். அந்த பஸ் கம்பெனி இன்னும் ஓடுகிறது, நேராகவே ஓடுகிறது என்று தகவல்.

போன செவ்வாய்க்கிழமை புது வெர்ஷன் வெளியிட்டோம். நாலு இளைஞர்களும் தங்கள் வேலையைச் சோதித்து முடித்து, எல்லாம் சரி, பட்டனை அமுக்கலாம் சார் என்றார்கள். நான் அமுக்கவில்லை. எபி மஞ்சள் துணிப் பையோடு (அதே பை இல்லை, அதே மஞ்சள்) எழுந்து வந்து பக்கத்தில் நின்று தன் போனை நீட்டினான்.

“மூக்கு?” என்றான்.

“இடது பக்கம்” என்றேன்.

“தெரிஞ்சிதான் சொல்றியா?”

மேஜைக்கு அடியில், யாரும் பார்க்காதபடி, வாட்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அமுக்கினேன்.